கொடுவா வலையில் விழுந்த மான்

என் அறுபத்து நான்காம் வயதில், ஐம்பது ஆண்டுகள் ஏரியிலும் கடலிலும் மீன் பிடித்த பிறகு, நான் மான் பிடிக்கப் போனேன். இதைப் பழவேற்காட்டுக் கரையில் எங்கள் கோட்டைக்குப்பத்தில் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, "கேஸு இன்னா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். நடந்தது இன்னதென எவரும் முழுதாய் அறியார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பழைய செய்தித்தாள்களையும், பிறருக்காகப் பூர்த்தி செய்த மனுக்களையும் படித்தே எழுத்தைப் பழகியவன். என் நடையில் குறை இருக்கலாம். நடந்ததில் ஒன்றையும் நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

என் ஒரே மகள் பொன்னேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, உடன் வேலை பார்த்த ஒருவரை விரும்பி மணந்தாள். அவருடைய ஊர் மேற்கே மலையடிவாரத்தில், எங்கள் கரையிலிருந்து மூன்று பேருந்து மாறிப் போகவேண்டிய தொலைவில் இருக்கிறது. நெல்லும் கடலையும் பயிரிடும் குடும்பம். மணம் முடிந்து இரண்டு ஆண்டுகளாகியும் சம்பந்தி எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. வருவார், வாசலில் நிற்பார், தண்ணீர் மட்டும் குடிப்பார், பேருந்துக்கு நேரமாயிற்று என்பார். காரணம் எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நானும் என் மனைவியும் வீட்டுக்குள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

இந்நிலையில் மருமகனார் ஓர் அரசு வேலைக்குத் தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றார். வந்த கடிதத்தை மகள் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். எழுத்தெழுத்தாக நான் படித்தேன். மருத்துவப் பரிசோதனை ஒன்று, காவல்துறை விசாரணை ஒன்று, இவ்விரண்டும் முடிந்தபின் பணி ஆணை என்றிருந்தது. எங்கள் குப்பத்தில் சிலருடைய வேலை இந்த இரண்டாவது படியில் நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன். ஏதோ ஒரு தெருச் சண்டையில், கூட நின்ற குற்றத்துக்காக ஒரு வழக்கு, அது போதும். ஆகவே எல்லோரும் மகிழ்ந்திருந்த அந்நாளிலேயே நான் அந்தப் படியை எண்ணிக் கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தி வந்தார். வழக்கம்போல் வாசலில் நிற்காமல், நேரே நான் வலை உலர்த்திக்கொண்டிருந்த மணல்மேட்டுக்கு வந்தார். தடித்த நூலில் அகன்ற கண்ணியாக, கொடுவா மீனுக்கென்று முடைந்த வலை அது. அதை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இது எம்மாம் பெரிய மீனு தாங்கும் சம்பந்தி?"

"எட்டுக் கிலோ கொடுவா சாதாரணமா நிக்கும்."

"நாப்பது கிலோ?"

"நம்ம ஏரில நாப்பது கிலோல இன்னா மீனு கீது?" என்று நான் சிரித்தேன்.

"நாலு காலு மீனு," என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அருகே வந்தார். "எங்கப்பாரு துப்பாக்கி வெச்சிருந்தாரு. என் கண்ணாலத்துக்கு மான் கறிதான் போட்டாங்க. இன்னிக்கும் ஊருல பேசுறான். என் புள்ள கவர்மெண்டு ஆளாவுறான். அதுக்கு விருந்து வெக்கறேன். பிராய்லர் கோழி போட்டா சிரிக்க மாட்டானா?"

"நீங்க எப்பனா பிடிச்சிருக்கீங்களா?"

"நான் எங்க? எங்கப்பாரோட போச்சு. நமக்கு ரெண்டு பேருக்கும் இதான் மொதல்."

"சம்பந்தி, அதே புள்ளைக்குத்தான் போலீஸ் விசாரிக்க வரப்போறான். மான் கேஸுனு ஒண்ணு வந்துச்சுன்னா வேலையே பூடும்."

"துப்பாக்கினாதான் சத்தம். உங்க வல இன்னா சத்தமா போடும்? உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?"

இயலாது என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி வீட்டு வாசலிலிருந்து வழக்கத்தின்படி, மறுப்பார் என்று தெரிந்தே, சாப்பிட அழைத்தாள். அவர் வருகிறேன் என்றார். வந்து, தரையில் அமர்ந்து, நண்டுக் குழம்பில் கை நனைத்தார். "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா," என்று கேட்டும் வாங்கினார். என் மனைவி உள்ளே திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த இரண்டு கரண்டிக் குழம்புக்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

வலையைக் கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மூன்றாவது பேருந்தில் நடத்துநர் மூக்கைச் சுளித்தார். "பெர்சு, பையில இன்னா? கருவாடா?" என்றார். "வேலிக்கு வல," என்றேன். கேட்காத ஒருவரிடமும் அதையே மறுபடி சொன்னேன். எங்கள் பழைய வலைகளை வாங்கி அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் பன்றிக்கு வேலியாகக் கட்டுவது உண்டு; ஆகையால் அது நம்பத்தக்க பொய்தான். இருந்தும் சோதனைச்சாவடி ஒன்றைப் பேருந்து கடந்தபோது என் முழங்கால்கள் தாமாகவே அந்தப் பையை இருக்கைக்கு அடியில் தள்ளின.

சம்பந்தி வீட்டில் இருந்த மகளிடமும் அதே பொய்.

"நைனா, கொடுவா வலையயா வேலிக்குக் கட்டுவாங்க? நல்லா கீதே இது."

"நெறய நைஞ்சு போச்சும்மா."

அவள் வலைக்காரன் மகள். நூலைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போனாள். மருமகனார் மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னை போயிருந்தார். மூன்றாம் நாள்தான் திரும்புவார் என்பது எனக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது.

முதல் மாலை நாங்கள் இருவரும் காப்புக்காட்டின் ஓரத்துக்குப் போனோம். மலையின் கால் அங்கே சரிந்து சமவெளியில் இறங்குகிறது. சரிவில் கற்பாறையும் முள்ளும், கீழே கடலைக் கொல்லை. மான்கள் இறங்கிவரும் ஒற்றையடித் தடத்தைச் சம்பந்தி காட்டினார். வலையை எங்கே, எந்தப் பக்கம் பார்க்கக் கட்டுவது, நாங்கள் எங்கே ஒளிவது என்பதையெல்லாம் என்னிடமே விட்டார். வலையென்று வந்தால் என் சொல்லே செல்லும் என்னும் எண்ணம் இருவருக்கும் இருந்தது. நான் காற்றைப் பார்த்தேன். காற்று முதுகில் அடிக்கும்படி நின்று தொழில் தொடங்குவது என் உடம்பில் ஊறிய பழக்கம். முதுகுக் காற்றில்தான் படகு சொன்னபடி போகும். அவ்வாறே காற்று எங்கள் முதுகிலிருந்து சரிவை நோக்கி வீசும்படி இடம் பார்த்து, வலையைக் கட்டி, பாறைக்குப் பின்னே அமர்ந்தோம்.

வெயில் தணிந்த வேளையில் ஐந்தாறு மான்கள் மேலே தென்பட்டன. அத்தனை அருகில் நான் மானைக் கண்டதில்லை. முன்னே வந்தது தலையை உயர்த்திற்று. முன்காலால் தரையை ஒருமுறை உதைத்தது. கூர்மையாக ஒரு குரல் கொடுத்தது. அவ்வளவுதான். சரிவு வெறுமையாயிற்று.

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருவர், கையில் தொரட்டியோடு நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, காத்து உங்க முதுவுல அடிக்குது. மானு மூக்குலதான் பாக்கும். எதிர்க்காத்துல ஒக்கார வேணாம்? அதுவும் இந்த மீன் நாத்தத்த வெச்சிக்கினு!"

"மானா? பன்னிக்கு வேலி கட்றோம்," என்றார் சம்பந்தி.

"கட்டு, கட்டு. வேலி கட்டிட்டுப் பாற மறவுல ஒக்காந்து காவல் காக்கறீங்களா? ரெண்டு மாப்பிளைங்களும் ஜோராத்தான் கீறீங்க," என்று சொல்லி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

ஒருவர் பார்த்துவிட்டார். திரும்பும் வழியில், "போதும் சம்பந்தி, பாத்துட்டாங்க," என்றேன். "அது வாயாடி. யாரு நம்புவா?" என்றார் அவர். பின்னர், "ஏன் சம்பந்தி, அம்பது வருசம் வல போட்டவரு காத்து தெரியாம ஒக்காந்துட்டீங்களே," என்றும் சொன்னார். கிண்டலாகத்தான் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் அந்த வலையைத் தொட்டித் தண்ணீரில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு நாலு முறை அலசியவன் நானே. அஞ்சியவனும் நான்தான், அலசியவனும் நான்தான். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாம் மாலை காற்று முகத்தில் அடிக்கும் இடத்தைத் தேர்ந்தேன். ஒரு முனையை நான் ஒரு மரத்தில் கட்டினேன். மறு முனையைச் சம்பந்தி எதிர் மரத்தில், மாடு கட்டும் முடிச்சைப் போட்டுக் கட்டினார். நேற்றுப்போல் அமர்ந்து காத்திருந்தால் மீண்டும் யாராவது பார்ப்பார்கள் என்பதால், ஏரியில் செய்வதுபோல வலையை விட்டுவிட்டுப் போய் விடியலில் வந்து பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். ஏரியில் அதுதான் முறை. வலை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். வந்து எடுப்பது மட்டுமே நம் வேலை.

விடியலில் போனபோது வலையின் இரு முனைகள் மட்டும் மரங்களில் இருந்தன. நடுப்பகுதி சுருண்டு முள்ளுக்குள் கிடந்தது. அதற்குள் கொம்புள்ள ஆண் புள்ளிமான் ஒன்று. கொம்பிலும் கழுத்திலும் முன்கால்களிலும் கண்ணிகள் ஏறி இறுகியிருந்தன. எங்களைக் கண்டதும் ஒருமுறை துள்ளி விழுந்தது. வாயில் நுரை. வயிறு படகின் எஞ்சின்போல அடித்துக்கொண்டிருந்தது. ஏரியில் வலை மீனை வைத்திருக்கும். மீன் செத்தாலும் அது மீன்தான். இது எவ்வளவு நேரம் இப்படிப் போராடிற்றோ, நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

சம்பந்தி வெட்டுக்கத்தியை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வுட்டுடலாம் சம்பந்தி. உயிரோட போச்சுன்னா கேஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. உங்க புள்ளைய நெனச்சிப் பாருங்க."

அவர் மானைப் பார்த்தார், கத்தியைத் தாழ்த்தினார். "சரி, வுடுங்க," என்றார். அவர் முகத்தில் கறியின் ஆசை இல்லை, பயம் இருந்தது. என் பயம் ஒருவழியாக அவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நான் மண்டியிட்டு அமர்ந்தேன். கழுத்துக் கண்ணியை எடுத்தேன். பிறகு கொம்பு. கொம்பில் ஐந்து சுற்று. ஒரு கண்ணியைத் தளர்த்தினால் அடுத்தது இறுகும். அதைத் தளர்த்தி, இதை நகர்த்தி, நண்டு சிக்கிய வலையைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்தேன். மான் இரண்டு முறை உதைத்தது, பிறகு உதைக்கவில்லை. அடங்கிவிட்டது, இனி எளிது என்று எண்ணி மகிழ்ந்தேன். கடைசிக் கண்ணியை முன்காலிலிருந்து உருவிவிட்டு, "போ," என்று முதுகில் தட்டினேன். அது எழவில்லை. அதன் கண் திறந்திருந்தது, வயிறு அசையவில்லை.

என் இடுப்பில் கத்தி இருந்தது. வலையை நாலு இழுப்பில் அறுத்துவிட்டிருக்கலாம். அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. அகப்பட்டதற்காக வலையை அறுப்பது எங்களில் எவரும் செய்யாத காரியம். கை அதை ஒருநாளும் பழகியதில்லை. பழகாததைக் கை செய்யவில்லை. அரைமணி நேரம் நான் வலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"செத்துப்போச்சா?" என்றார் சம்பந்தி. அதுவரை என்னை மரியாதையாகவே விளித்தவர், "இன்னாத்தப் பிரிச்ச நீ? இன்னாத்தப் பிரிச்ச?" என்று கத்தினார். பிறகு, புதைத்துவிடலாம் என்றார். மண்வெட்டி எடுத்துவர வீட்டுக்குப் போனால் என் மகள் கேட்பாள் என்றேன். முள்ளுக்குள் இழுத்துப் போட்டுவிடலாம் என்றார். ஆடு மேய்க்கும் அம்மாள் முந்தாநாளே நம்மைப் பார்த்தார், நாய் இழுக்கும், கழுகு சுற்றும், விசாரிக்க வருபவர்கள் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்றேன். அவர் அப்படியே கீழே உட்கார்ந்தார்.

நான் கணக்கிட்டது இதுதான். மறைத்து அகப்பட்டால் வீடு முழுவதும் அகப்படும். அந்த வீட்டில்தான் மருமகனார் பெயர் இருக்கிறது. நானாகச் சொன்னால் என் பெயர் மட்டும் போகும். என் விலாசம் வேறு, ஊர் வேறு. மருமகனாரை விசாரிக்க வரும் காவலர் பழவேற்காட்டுக் கரையில் இருக்கும் மாமனாரை எதற்குத் தேடப்போகிறார்?

"நீங்க வூட்டுக்குப் போங்க. நீங்க இங்க வரவே இல்ல. நான் வல கட்னேன், நானே சொல்லிக்கறேன்."

"உனக்கு இன்னா பைத்தியமா?"

"போங்க சம்பந்தி. உங்க புள்ளைக்கோசரம் போங்க."

அவர் போனார். வெயில் ஏறும்போது ஆட்டுக்கார அம்மாள் வந்தார். மானைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. வனத்துறைச் சாவடிக்கு ஆள் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தாம்மா," என்றேன். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நான் அந்த மானோடு தனியே அமர்ந்திருந்தேன். ஈ மொய்த்தபோதெல்லாம் துண்டால் ஓட்டினேன். அது ஏனென்று தெரியவில்லை. ஓட்டாமல் இருக்க முடியவில்லை.

வனக்காப்பாளர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அதட்டாதவர். உடன் வந்தவர் படம் எடுத்தார்.

"வல யாருது?"

"என்னுது."

"கட்னது யாரு?"

"நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான் சார்."

அவர் என் முனை கட்டியிருந்த மரத்தடிக்குப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்துபோய் எதிர் மரத்து முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"பெரியவரே, எங்க வூட்லயும் மாடு கீது. அந்த மரத்து முடிச்சு எனக்குத் தெரியும். இந்த மரத்து முடிச்சுதான் தெரியல. ரெண்டும் நீங்கதான் கட்னீங்களா?"

"ஆமா சார்."

ஒரு கயிற்றை என் கையில் கொடுத்தார். "மாட்டு முடிச்சு ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

சம்பந்தி அதைப் போட்டபோது நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கயிற்றை மரத்தில் சுற்றினேன். மேலே போகவேண்டும், கீழிருந்து வளையவேண்டும் என்று மனம் சொல்லிற்று. ஆனால் விரல்கள் கயிற்றைக் கண்டதும் தாம் அறிந்ததைச் செய்து முடித்தன. என் முன்னால் இருந்தது வலைக்காரன் முடிச்சு. அவிழ்த்து மீண்டும் போட்டேன். மீண்டும் அதுவே. மூன்றாம் முறையும் அதுவே.

"அவர வுடுங்க சார். அது நான் கட்னது."

முள்வேலிக்கு அப்பால் சம்பந்தி நின்றிருந்தார். வீட்டுக்குப் போகவில்லை, அத்தனை நேரமும் அங்கேயே இருந்திருக்கிறார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். எனக்கு நன்றி தோன்றவில்லை. "பாவி, எல்லாத்தையும் கெடுத்துட்டியே," என்றுதான் மனத்துக்குள் கதறினேன்.

ஜாமீன் கிடைக்கும்வரை பன்னிரண்டு நாள்கள் கிளைச் சிறையில் இருந்தோம். அங்கே அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி.

"அந்தப் போலீஸ் விசாரண பாரத்துல அப்பன் மேல கேஸு கீதானு கேப்பானா?"

"இல்ல. புள்ள மேல கீதானுதான் கேப்பான். அப்பன் பேரு மட்டும் கேப்பான்."

"பேரு கேட்டா போறாதா? பேர வெச்சித் தேட மாட்டானா?"

பலருக்கு அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொடுத்தவன் நான். பெயரை வாங்கிக்கொண்டு என்ன செய்வார்கள் என்பது அதில் அச்சிட்டிருக்கவில்லை.

நாங்கள் உள்ளே இருந்தபோதே விசாரணைக்குக் காவலர் வந்துவிட்டார். அப்பா எங்கே என்று கேட்டாராம். மருமகனார் மறைக்கவில்லை. "மான் கேஸ்ல உள்ள கீறாரு. நான் அன்னிக்கு மெட்ராஸ்ல இருந்தேன்," என்று சொல்லி மருத்துவப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். காவலர் வெகுநேரம் எழுதினார் என்று மகள் சொன்னாள். என்ன எழுதினார் என்பது எவருக்கும் தெரியாது.

நான்கு மாதம் ஆணை வரவில்லை. அவரோடு தேர்வானவர்கள் ஒவ்வொருவராக வேலையில் சேர்ந்தார்கள். மகள் என்னிடம் பேசுவது குறைந்தது. பேசினாலும் "சாப்டியா நைனா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரு முற்பகல், வலை இழுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"நைனா, வந்துச்சு."

கைப்பேசியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி வலையை இழுத்தேன். விருந்து ஏதும் வைக்கவேண்டாம் என்று மருமகனார் சொல்லிவிட்டார். பணியில் சேர்ந்து இப்போது வேலை பார்த்துவருகிறார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா தோறும் நானும் சம்பந்தியும் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் சந்திக்கிறோம். பணி ஆணையின் படத்தை மகள் எனக்கும் அனுப்பியிருந்தாள். மற்றவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள். நான் கடைசி வரி வரை படித்தேன். இந்நியமனம் தற்காலிகமானது என்றும், பாதகமான தகவல் ஏதேனும் பின்னர் தெரியவரின் முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படும் என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. எல்லா ஆணைகளிலும் அவ்வரி இருக்கும். பிறருடைய ஆணைகளில் நானே அதைப் பலமுறை படித்து, பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சம்பந்திக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. போன வாய்தாவன்று, எங்கள் பெயரைக் கூப்பிடக் காத்திருந்தபோது, அவர் தம் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"முழுசாப் படிச்சீங்கல்ல? எல்லாம் சரியா கீதுல்ல?"

"கீது," என்றேன்.

உள்ளிருந்து முதலில் அவர் பெயரையும் அடுத்து என் பெயரையும் கூப்பிட்டார்கள்.